வலது புருவத்துக்கு மேலே

பின் சீட்டிலிருந்து உலகம்மாளின் குரல் கேட்டது. உலகம்மாளோ முன் சீட்டில், ஜன்னல் ஓரமாக, வாயை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "அன்பான தாய்மார்களே, தயவுசெய்து ஒரு நிமிடம் கவனியுங்கள்" என்று அது ஆரம்பித்தது. அவள் எப்போதும் ஆரம்பிக்கிற விதம்தான். 'தயவுசெய்து'வில் லேசான இழுப்பு, 'கவனியுங்கள்' முடிந்ததும் கேட்பவர்கள் கையில் இருப்பதைக் கீழே வைக்கட்டும் என்று ஒரு சின்ன இடைவெளி. அந்த இடைவெளியில் டவுன் பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. அவளுக்குக் கழுத்து வேர்த்தது. யார் என்று திரும்பிப் பார்க்கலாமா, வேண்டாம், திரும்பினால் முகத்தைப் பார்ப்பார்கள், பார்த்தால்தான் என்ன, முகத்தை வைத்து யாருக்கு என்ன தெரியப் போகிறது. திருநெல்வேலியில் பெரிய ஜவுளிக்கடை ஒன்றின் மூன்றாவது மாடியில், பில் போடும் இடத்துக்குப் பின்னால், நாற்காலியும் மைக்கும் மட்டும் கொள்ளுகிற அறையில் உட்கார்ந்து வருஷக்கணக்காகப் பேசுகிறாள். வாடிக்கையாளர்களின் கனிவான கவனத்திற்கு, இரண்டாம் தளத்தில் பட்டுச் சேலைகளுக்குச் சிறப்புத் தள்ளுபடி. ஊரில் பாதிப் பேருக்கு அந்தக் குரல் தெரியும். முகம் ஒருத்தருக்கும் தெரியாது. படியில் அவள்மேல் இடித்துக்கொண்டு போகிறவர்கள்கூட அவளை விட்டுவிட்டு ஒலிபெருக்கியைத்தான் அண்ணாந்து பார்ப்பார்கள். அது அவளுக்கு நெடுநாள் மனக்குறை. இன்றைக்கு அந்தக் குறையைக் கும்பிடலாம் போலிருந்தது. ஆனால் வாயைத் திறக்கக் கூடாது. கண்டக்டர் வந்துவிட்டார். "எங்கம்மா எறங்கணும்?" பெண்களுக்கு இலவசம் என்றாலும் சீட்டுக் கிழிக்க வேண்டுமே, ஊர் பேர் சொல்ல வேண்டுமே. உலகம்மாள் கையை முன்னால் நீட்டிக் காட்டினாள். "முன்னால போனா கன்னியாகுமரியும் வரும், எங்கன்னு சொல்லுங்க." பக்கத்தில் இருந்தவள் சிரித்தாள். உலகம்மாள் தொண்டையைத் தொட்டுக் காட்டி, வலிக்கிறது என்பதுபோல் தலையாட்டி, விரலால் பாலம் போல் வளைத்துக் காட்டினாள். "பாலத்துக்கு அங்கிட்டா? வண்ணாரப்பேட்டையா?" ஆமாம் என்று தலையசைத்தாள். பின்னாலிருந்த குரலோ கணீரென்று, தொண்டைவலி எதுவும் இல்லாமல், பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போகிற பெண்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தது.

இப்போது அந்த இடம் வரும். வரக் கூடாது, யாராவது நிறுத்திவிட வேண்டும், டிரைவர் பிரேக் போட வேண்டும், போன் கைதவறி விழ வேண்டும். "இவர்களில் ஒரு பெண்ணுக்கு வலது புருவத்துக்கு மேலே ஒரு தழும்பு இருக்கும்." வந்துவிட்டது. தழும்பு என்கிற சொல்லில் அந்த 'ழ' எவ்வளவு சுத்தமாக விழுந்திருக்கிறது. அதைச் சொல்லும்போதே அவளுக்குத் தெரியும், நன்றாக விழுந்தது என்று. அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையில் அடுப்படியில் நின்றுகொண்டு அதற்காகச் சந்தோஷப்பட்டதும் ஞாபகம் இருக்கிறது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் என்று பேச்சுக்குச் சொல்வார்கள். அவள் நாக்கை நிஜமாகவே கடைவாய்ப் பல்லால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள், கொஞ்சம் வலிக்கிற வரைக்கும். வலித்ததும் விட்டுவிட்டாள். அவ்வளவுதான் அவள் தைரியம். எல்லாம் எப்படி ஆரம்பித்தது என்று யோசித்தால் தண்ணீர் லாரியில் போய் நிற்கும். மூணாவது தெரு மகளிர் என்று ஒரு வாட்ஸ்அப் குரூப், லாரி எப்போது வரும் என்று சொல்ல எஸ்தர் டீச்சர் ஆரம்பித்தது. டீச்சர் ரிட்டயர் ஆன பிறகும் தெருவை வகுப்பறையாகவே நடத்துகிறவர். குரூப்பில் சிலருக்குக் கண் சரியில்லை, சிலருக்கு எழுத்தே தெரியாது, மற்றவர்களுக்கு எந்நேரமும் கை ஈரம். நீளமாக ஏதாவது வந்தால் டீச்சர் எழுதுவார், "உலகு, இத நீ வாசிச்சுப் போட்டுரு." உலகு வாசித்துப் போடுவாள். லாரி, மின்தடை, அம்மன் கோயில் கூழ், சுண்ணாம்புத் தண்ணீர் மூட்டுவலிக்கு நல்லது, இஞ்சிச் சாறு இதய அடைப்பைக் கரைக்கும். இஞ்சி விஷயத்தை அவள் வாசித்த பிறகு தெருமுனைக் கடையில் இஞ்சியே கிடைக்கவில்லை என்று அவள் கணவன் செண்பகராமன் வெகுநாள் கேலி செய்துகொண்டிருந்தான். அது மெய்யா பொய்யா என்று யாரும் கேட்டதில்லை. அவளும் கேட்டுக்கொண்டதில்லை. கடையில் எழுதிக் கொடுக்கிற தள்ளுபடி உண்மையில் உண்டா என்று இரண்டாம் தளத்துக்கு ஓடிப் போயா பார்க்கிறாள்? வாசிப்பதுதான் அவள் வேலை. வாசித்ததும் சிவப்பு இதயங்கள் வரிசையாக வந்து விழும். ரேடியோ கேட்ட மாதிரி இருக்கு அக்கா. ஒங்க கொரல்ல கேட்டாத்தான் நம்பிக்கையே வருது. ரசம் பொங்கி வழிவதுகூடத் தெரியாமல் அதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள். முகம் தெரியாமல் பேசிப் பேசிச் சலித்தவளுக்கு, தெருவில் நடந்தால் நாலு பேர் "வாய்ஸ் அக்கா" என்று கூப்பிடுவது உச்சி குளிர்ந்துபோகிற விஷயம்தானே. உச்சி குளிரத்தான் குளிர்ந்தது. இப்போது அதை நினைத்தால் உடம்பு கூசுகிறது.

ஞாயிற்றுக்கிழமை வந்த செய்தி இரண்டே வரி. வீடு வீடாகப் பொருள் விற்பது போல வரும் பெண்கள் குழந்தைகளைக் கடத்துகிறார்கள், உஷார். எந்த ஊர், எப்போது, யார், ஒன்றும் கிடையாது. வாசித்துப் பார்த்தாள், சப்பென்று இருந்தது. சேர்ந்த புதிதில் மாடி சூப்பர்வைசர் தாணு சார் சொல்லிக் கொடுத்தது அவள் ரத்தத்தில் ஊறியிருக்கிறது. கடையில் பிள்ளை தொலைந்துவிட்டால் வெறுமனே ஒரு குழந்தையைக் காணவில்லை என்று சொன்னால் ஒருத்தன் தலை நிமிர மாட்டான், பச்சைச் சட்டை, நெற்றியில் மை, ஒரு காலில் மட்டும் செருப்பு என்று சொல், கடை முழுக்கக் குனிந்து பார்க்கும். "அடையாளம் இல்லாத அறிவிப்ப எவன் கேப்பான், காத்தோட போயிரும்." அப்படி எத்தனையோ பிள்ளைகளை அவள் குரல் தாயிடம் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறது. அதனால்தான், இரண்டு வரி முடிந்ததும், வாய் நிற்கவில்லை. அதுபாட்டுக்கு மேலே போனது. வலது புருவத்துக்கு மேலே ஒரு தழும்பு. ஊதா நிறச் சேலை. கையில் மஞ்சள் பை. சொல்லி முடித்ததும்தான் அறிவிப்பு அறிவிப்பு மாதிரி இருந்தது. வேண்டுமென்று சொன்னதில்லை. யாரையும் நினைத்துச் சொன்னதில்லை. நேற்று ராத்திரி முழுக்க இதைத்தான் தனக்குச் சொல்லிக்கொண்டு படுத்திருந்தாள். ஆனால் மனசு ஒரு இடத்தில் போய் முட்டிக்கொள்ளும். முதல் தடவை பேசும்போது பாதியில் குக்கர் விசில் அடித்துவிட்டது. அழித்துவிட்டு இரண்டாம் தடவை பேசினாள். முதல் தடவை வாய் தவறி வந்தது என்றே வைத்துக்கொள்வோம். இரண்டாம் தடவை? இரண்டாம் தடவை அந்தத் தழும்பை இன்னும் கொஞ்சம் நிறுத்தி, அழுத்தி, அழகாகச் சொன்னாள். சேலை என்று மட்டும் இருந்ததை ஊதா நிறச் சேலை ஆக்கியது இரண்டாம் தடவைதான். கண் காது மூக்கு வைத்துப் பேசுவது என்பார்களே, அவள் வைத்தது ஒரு புருவம்.

அந்தப் புருவம் முந்தின நாள் மத்தியானம் அவள் வீட்டு வாசலில் நின்றது. பினாயில் விற்கிற பெண். ஊதாச் சேலை, வெயிலில் முகம் கன்றிப் போய், மஞ்சள் பையில் பாட்டில்கள் ஒன்றோடொன்று இடிக்க, "அக்கா, ஒரு பாட்டில் எடுத்துக்கிடுங்கக்கா, வீட்டுலயே காய்ச்சுனது" என்றாள். உலகம்மாளுக்குச் சனிக்கிழமை மதிய ஷிஃப்ட் இல்லை. ஒரு செம்புத் தண்ணீர் கொடுத்தாள். அவள் அண்ணாந்து குடிக்கும்போதுதான் அந்தத் தழும்பு தெரிந்தது, புருவத்துக்கு மேலே, நகத்தால் கீறிவிட்டதுபோல் வெள்ளையாக. எப்படிப் பட்டது என்று கேட்டாள். சின்ன வயசில் தம்பி பம்பரம் விட்டது தவறி வந்து அடித்துவிட்டது என்றாள் அவள், சிரித்துக்கொண்டே. அப்புறம் உலகம்மாளை ஒரு மாதிரி உற்றுப் பார்த்து, "அக்கா, ஒங்க கொரல எங்கயோ கேட்ட மாதிரி இருக்கே" என்றாள். உலகம்மாள் கடைப் பேரைச் சொன்னாள். அவள் பையை அப்படியே கீழே வைத்துவிட்டாள். "ஏ அம்மா, அது நீங்கதானா! தீவாளிக்குப் பிள்ளையளுக்குப் பாவாட எடுக்க வந்தப்ப எம் மூத்தவ கேட்டா, அம்மா யாரும்மா பேசுதா, சாமியான்னு." இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பாட்டில் ஒன்று வாங்கினாள். குளியலறைத் தரையில் ஊற்றிக் கழுவினாள். இன்று காலையில் குளிக்கப் போனபோதும் அந்த வாசனை அடித்தது. எத்தனை வாளி தண்ணீர் ஊற்றினாலும் அது போகவில்லை. இவ்வளவு பேசிய பிறகு, சிரித்த பிறகு, மறுநாள் அந்த முகத்தை எடுத்து அறிவிப்பில் ஒட்டியிருக்கிறாளே, அது எப்படி? பழக்கமில்லாத முகமாக இருந்தால்கூடச் சொல்லிக்கொள்ளலாம். மனசுக்குள் பளிச்சென்று நின்ற முகம் அது ஒன்றுதான், கைக்கு அருகில் கிடந்தது, எடுத்துக்கொண்டாள்.

"இத பாத்தியளா? இவதான் அவ" என்றாள் பக்கத்து சீட்டுக்காரி. தன் போனை நீட்டினாள். பின்னால் இருந்தவளும் எட்டிப் பார்த்தாள். உலகம்மாளுக்குப் பார்க்க வேண்டிய அவசியமில்லை, அந்த வீடியோ செவ்வாய்க்கிழமை சாயங்காலமே அவளுக்கும் வந்துவிட்டது. ஆனாலும் கண் அதில் போய் விழுந்தது. கீழப்புளியூர் பஸ் நிறுத்தம், சுற்றிலும் ஆண்கள், மஞ்சள் பை கவிழ்ந்து பாட்டில்கள் உருண்டு கிடக்கின்றன, ரோடு முழுக்க வெள்ளையாகப் பினாயில். நடுவில் அவள் உட்கார்ந்திருக்கிறாள், ஊதாச் சேலை தோளில் கிழிந்து. ஒருத்தன் போனை அவள் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்து உலகம்மாளின் குரலை ஓடவிடுகிறான். இன்னொருத்தன் அவள் நெற்றி முடியைக் கையால் ஒதுக்கிப் பார்க்கிறான். "தழும்பு இருக்குலே. எல்லாம் சரியா இருக்கு." ஒரு சாமானைப் பட்டியலோடு ஒத்துப் பார்க்கிற மாதிரி. அப்புறம் அடி. அடியை உலகம்மாள் ஒரே ஒரு தடவைதான் பார்த்தாள். அதற்கு முந்தின இடத்தைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தாள். அந்தப் பெண் தன்னை அடிக்க வருகிறவர்களைப் பார்க்கவில்லை, போனைப் பார்க்கிறாள். தலையை லேசாகச் சாய்த்துக்கொண்டு. வாசலில் நின்று, ஒங்க கொரல எங்கயோ கேட்ட மாதிரி இருக்கே என்று சொன்னபோது சாய்த்த மாதிரி. அல்லது அப்படி இல்லையோ. சத்தம் பக்கத்தில் கேட்டால் யாரும்தான் திரும்பிப் பார்ப்பார்கள். காதுக்குப் பக்கத்தில் போனை வைத்தால் ஆடுமாடுகூடத் தலையைச் சாய்க்கும். அவ்வளவு களேபரத்தில், பயத்தில், குரலையெல்லாம் கண்டுபிடிக்க முடியுமா? முடியும். உலகம்மாளால் முடியும் என்றால் அவளாலும் முடியும். கண்டுபிடித்திருந்தால் என்ன நினைத்திருப்பாள்? தண்ணீர் கொடுத்த அக்கா. இந்த இடத்துக்கு வந்ததும் உலகம்மாளின் மனசு திரும்பி ஓடும். ஓடிப் போய் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடி இங்கேயே வந்து நிற்கும்.

"அப்பாவின்னு பேப்பர்ல போட்டிருந்தானே" என்றாள் பின்னால் இருந்தவள். "பினாயில் விக்கிறவளாம், சந்தனமாரின்னு பேரு, கை ஒடிஞ்சு பெரியாஸ்பத்திரியில கெடக்காளாம்." பக்கத்து சீட்டுக்காரி உதட்டைப் பிதுக்கினாள். "போலீஸு அப்படித்தான் சொல்லும். அந்தம்மா வாய்ஸ்ல எவ்வளவு தெளிவா சொல்லுது, தழும்பு, ஊதாச் சேல, மஞ்சப் பை. மூணும் ஒருத்திகிட்ட எப்படி இருக்கும்? பாக்காமலா சொல்லும்?" பாக்காமலா சொல்லும். பார்த்துத்தான் சொன்னாள், அதுதானே. உலகம்மாள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள், கம்பி சுட்டது, பிடித்துக்கொண்டே இருந்தாள். "எங் கொழுந்தியா அவ தெருலதான் இருக்கா" என்று பக்கத்து சீட்டுக்காரி மேலே சொன்னாள். "வீட்டுக்காரங்க வீட்டக் காலி பண்ணச் சொல்லிட்டாவளாம். ஆஸ்பத்திரிலருந்து வந்தா உள்ள விட மாட்டாவ. அவளுக்கு ரெண்டு பொட்டப்பிள்ளைய. பள்ளிக்கூடத்துல மத்த பிள்ளையள்லாம் பிள்ளபிடிக்காரி மவளுவன்னு வெரட்டுதாம், அந்த ரெண்டும் ஒரு வாரமாப் போகல. நீங்களே சொல்லுங்க, நெருப்பு இல்லாமயா?" உலகம்மாளைப் பார்த்துத்தான் கேட்டாள். பதில் வேண்டும் போல முகத்தையே பார்த்தாள். உலகம்மாள் வாயைத் திறந்தாள். தொண்டையில் குரல் வந்து நின்றது, வரிசையில் அடுத்த ஆள் நிற்பதுபோல். திறந்தால் அந்த 'தயவுசெய்து'வின் இழுப்பு எங்கேயாவது வந்துவிடும், பின் சீட்டுக்காரிக்குப் பொறி தட்டும், பஸ் மொத்தமும் திரும்பும். அவள் தொண்டையைத் தொட்டுக் காட்டினாள். "ஐயோ, மறந்துட்டேன் பாருங்க, தொண்டையா? மிளகும் பனங்கல்கண்டும் போட்டுப் பால் குடிங்க" என்றாள் அந்த நல்ல பெண். நல்ல பெண்தான். பஸ்ஸில் இருக்கிற எல்லாருமே நல்லவர்கள்தான், தங்கள் பிள்ளைகளைப் பற்றிப் பயப்படுகிறவர்கள். அவர்களுக்குப் பயத்தை அள்ளிக் கொடுத்தவள் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து ஊமை வேஷம் போடுகிறாள்.

பள்ளிக்கூடம் போகாத அந்த இரண்டும். மூத்தவள்தான் சாமியா பேசுதுன்னு கேட்டவளாக இருக்க வேண்டும். பாவாடை என்ன நிறத்தில் எடுத்தாளோ. நேற்று ராத்திரி செண்பகராமனிடம் பாதி சொன்னாள். அந்த வாய்ஸ் நான் போட்டதுதான் என்கிற பாதி. அவன் ஃபேனுக்கு நேராகப் படுத்துக்கொண்டு, "வந்தத வாசிச்ச, அனுப்புன. நீ வாசிக்கலைன்னா வேற ஒருத்தி வாசிச்சிருப்பா. ஊரே அனுப்பிச்சு. ஒன்ன மட்டும் யாரு கேக்கப் போறா, பேசாமப் படு" என்றான். சரிதான், செய்தியை எழுதியது யாரோ, அனுப்பியது ஊரே, அடித்தது கீழப்புளியூர்க்காரன்கள். ஒவ்வொருத்தன் பங்கையும் எடுத்துத் தள்ளி வைத்துக்கொண்டே வந்தால் கடைசியில் தட்டில் ஒன்று மிஞ்சும், தழும்பு. அது யார் பங்கும் இல்லை, அவளுடையது. அந்தப் பாதியை அவனிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எழுந்து உட்கார்ந்திருப்பான். அவன் எழுந்து உட்காருவதைப் பார்க்கத் தைரியமில்லாமல்தான் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று நேற்று மத்தியானம் நினைத்தாள். ஆப்பிள், ஹார்லிக்ஸ், கொஞ்சம் துணிமணி வாங்கிக்கொண்டு போய் வார்டு வாசலில் நிற்கலாம். நின்று? வாயைத் திறக்க வேண்டும். திறந்தால் கட்டிலில் இருக்கிறவள் தலையைச் சாய்ப்பாள். அதற்குப் பயந்து வாயைத் திறக்காமல் பையை மட்டும் வைத்துவிட்டு வருவதா, அது என்ன புண்ணியம், கோயில் உண்டியல் மாதிரி. இல்லை, ஆஸ்பத்திரி அப்புறம். முதலில் அந்தக் குரலை நிறுத்த வேண்டும். அது இந்த நிமிஷமும் போய்க்கொண்டிருக்கிறது. தென்காசி பஸ்ஸில், தூத்துக்குடி பஸ்ஸில், யார் யார் வீட்டு அடுப்படியிலோ, அன்பான தாய்மார்களே என்று. சந்தனமாரி கை எலும்பு கூடி வெளியே வந்தாலும் அந்தத் தழும்போடுதான் வருவாள், அதைக் கழற்றி வைக்க முடியாது. மறுபடி பை தூக்கி ஒரு தெருவுக்குள் நுழைந்தால் யாராவது போனை எடுப்பான். இதை நிறுத்தக்கூடிய ஆள் ஒருத்திதான். போட்டவளே எடுக்க வேண்டும். இவ்வளவு சுலபமான விஷயம் இத்தனை நாளாக ஏன் தோன்றவில்லை? தோன்றியது. தோன்றியதும் குழம்பு கூட்டப் போய்விட்டாள்.

பாலத்துக்கு முந்தின நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டாள். "அம்மா, ஒங்க ஸ்டாப் இன்னும் வரல" என்று கண்டக்டர் கத்தினார். திறக்காத ஒரு பேட்டரிக் கடையின் ஷட்டருக்குப் பக்கத்தில், மூத்திர நாற்றம் அடிக்கிற சந்து முனையில் நின்று போனை எடுத்தாள். மூணாவது தெரு மகளிர். மைக்கை அழுத்தினாள். "அன்பான தாய்மார்களே" என்று வந்தது. சீ, என்று அழித்தாள். பழக்கம் எப்படி வந்து முன்னால் நிற்கிறது பார். மறுபடி அழுத்தினாள். இந்தத் தடவை குரல் வரவில்லை, மூச்சுத்தான் வந்தது. ஒரு லாரி போனது. அப்புறம், யாரோ கழுத்தைப் பிடித்துத் தள்ளியதுபோல் எல்லாம் ஒன்றாக வந்தது. "நான் உலகு பேசுதேன். உலகம்மா. அந்தப் பிள்ள பிடிக்கிற வாய்ஸு நான் போட்டது. அது பொய்யி. செய்தில தழும்புன்னு ஒண்ணுமே இல்ல, சேல இல்ல, பை இல்ல, நானாத்தான் சேத்தேன். மொத நா எங்க வீட்டுக்கு வந்த பொம்பளய, தண்ணி குடிச்சிட்டுப் போனவள, அவ அடையாளத்தச் சேத்துட்டேன். அவ ஒரு தப்பும் பண்ணல. அவள அடிச்சிட்டாவ. பாவம் அவ பிள்ளைய... யாரும் அத அனுப்பாதிய, அனுப்புனவங்க எல்லாருக்கும் இத அனுப்புங்க, ஒங்கள கையெடுத்துக் கும்பிடுதேன்." நடுவில் மூக்கு அடைத்தது, விக்கியது, 'ழ' எங்கேயும் சரியாக விழவில்லை. கேட்டுப் பார்த்தால் அழித்துவிடுவோம் என்று பயந்து, கேட்காமலே அனுப்பினாள். ஷட்டரில் சாய்ந்துகொண்டாள். ஒரு கணம், பிறந்ததிலிருந்து இப்போதுதான் முதல் தடவையாகப் பேசியது மாதிரி இருந்தது.  இனி தெருவில் எப்படி நடப்பது, டீச்சர் முகத்தில் எப்படி முழிப்பது, கடையில் வேலை இருக்குமா, போலீஸ் வருமா, வரட்டும், வந்தால் கேட்கட்டும், சொல்லிவிட்டாயிற்று. பாலத்தின் மேல் நடந்தாள். கீழே தாமிரபரணியில் யாரோ துணி அலசிக்கொண்டிருந்தார்கள். வெயில் ஏறியிருந்தது, அவளுக்குக் குளிர்ந்தது.

கடைப் படியில் கால் வைக்கும்போது பையில் போன் அதிர்ந்தது. அதிர்ந்துகொண்டே இருந்தது. திட்டு வரும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தாள். முதலில் கோடி வீட்டுக் கனகா. இது யார் பேசுறது? அடுத்து இன்னொருத்தி, உலகு அக்கா கொரல் இப்படியா இருக்கும், அவங்க கொரல் தேன்லா. அப்புறம் எஸ்தர் டீச்சர், நிறுத்தக்குறியெல்லாம் சரியாக வைத்து: யாரும் நம்ப வேண்டாம். உலகுவின் எண்ணை யாரோ திருடியிருக்கிறார்கள். இப்போது கம்ப்யூட்டரில் யார் குரலை வேண்டுமானாலும் செய்கிறார்களாம். பிள்ளை பிடிக்கிற கும்பல் தப்பிப்பதற்காகவே இப்படிக் கிளப்பி விடுகிறார்கள். கவனம். அதற்குக் கீழே சிவப்பு இதயங்கள் விழத் தொடங்கியிருந்தன. அவள் பேசியது இருந்த இடத்தில், அட்மின் இதை நீக்கிவிட்டார் என்று ஒரு வரி கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே டீச்சர் கூப்பிட்டார். "உலகு, பதறாத. நாங்க இருக்கோம். ஒன் பேரக் கெடுக்கப் பாத்திருக்கானுவ. அழுகயும் ஒப்பாரியுமா, கேக்கவே சகிக்கல. ஒன் கொரல் எனக்குத் தெரியாதா?" உலகம்மாள் படியில் ஓரமாக நின்றாள். பட்டுச் சேலைக்கு வந்த ஒரு குடும்பம் அவளை இடித்துக்கொண்டு ஏறியது. இப்போது சொல்ல வேண்டும். டீச்சர், அது நான்தான் டீச்சர். நாலு சொல். "ஏ உலகு, கேக்குதா? நீ பேசலைலா அது?" என்றார் டீச்சர். குரலில் முதல் தடவையாக ஒரு சின்னச் சந்தேகம். அந்தச் சந்தேகம்தான் வழி, அதைப் பிடித்துக்கொண்டு போயிருக்கலாம். உலகம்மாள் அந்த இரண்டு பிள்ளைகளை நினைத்தாள், நன்றாக நினைத்தாள், மறக்கவில்லை. நினைத்துக்கொண்டே, "இல்ல டீச்சர்" என்றாள். "அதான பாத்தேன். சரி, ஒரு காரியம் செய்யி. ஒன் நெசக் கொரல்ல ஒரு வாய்ஸ் போட்டுரு. நம்ம ஆளுவளுக்கு நீ சொன்னாத்தான் நம்பிக்க வரும்."

மூன்றாவது மாடிக்கு ஏறினாள். அறையைச் சாத்திக்கொண்டாள். தண்ணீர் குடித்தாள், தொண்டையைச் செருமினாள், முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள். "அன்பான தாய்மார்களே, தயவுசெய்து ஒரு நிமிடம் கவனியுங்கள். என் பெயரில் வந்திருக்கும் அந்தக் குரல் என்னுடையது அல்ல" என்றாள். மணி மணியாக வந்தது. விரலை எடுப்பதற்குள் உடம்பெல்லாம் லேசாகிவிட்டது, காய்ச்சல் விட்ட மாதிரி. வெட்கம் அப்புறம்தான் வந்தது, முதலில் வந்தது நிம்மதிதான். எஸ்தர் டீச்சர் அதை உடனே தனக்குத் தெரிந்த எல்லாக் குரூப்புக்கும் அனுப்பி வைத்தார்.